தெர்மல் சாட்டிலைட் படம் தப்பா தெரியுதா? அறிகுறியை வச்சு கோளாறைப் பிடிக்கற வழி

பயிருக்குத் தண்ணி பத்தலைன்னா இலை வாடறதுக்கு முன்னாடியே அது சூடாயிடும். இலைத்துளை மூடிக்கும், நீராவி வெளிய போகாது, வேர்வை நின்னுபோன உடம்பு மாதிரி இலை சூடேற ஆரம்பிச்சிடும், பச்சை நிறம் மாறணும்னா அதுக்கப்புறம் இன்னும் சில நாள் ஆகும். அந்தச் சூட்டை வானத்துலேர்ந்தே பார்த்துடலாம்ங்கறதுதான், கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரைப் படம் பிடிக்கற தெர்மல் இன்ஃப்ராரெட் வேலையில என்னைப் பிடிச்சு வச்சிருக்கற விஷயம். ஆனா முதல் தடவை டேட்டாவை இறக்கித் திறக்கறவங்களுக்கு மைனஸ் நூத்துச்சொச்சம் டிகிரியும் இடம் மாறி உக்காந்திருக்கற வயலும்தான் கண்ணுல படும், பாதிப் பேர் அங்கயே விட்டுட்டுப் போயிடறாங்க. அது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா இதுல பெரும்பாலான கோளாறு அரை மணி நேரத்துல சரி பண்ணக்கூடியதுதான்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கற இடம் தெற்கு கலிஃபோர்னியாவுல இருக்கற இம்பீரியல் வேலி. பாலைவனம்தான், ஆனா கொலராடோ ஆத்துத் தண்ணியைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்து அல்ஃபால்ஃபா, அதான் நம்ம ஊர்ல குதிரை மசால்னு சொல்ற தீவனப் பயிர், அதை ஏக்கர் கணக்குல போடறாங்க. வடமேற்குல சால்ட்டன் ஸீன்னு பெரிய உப்பு ஏரி, கிழக்குல அல்கொடோனஸ் மணல்மேடு. தண்ணி, பயிர், வெறும் மணல் மூணும் ஒரே படத்துல விழுந்துடறதால சோதனை பண்ணிப் பார்க்க இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியல.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல தண்ணியைப் பாருங்க

தெர்மல் கேமராவுக்குள்ள வந்து விழறது நிலத்தோட சூடு மட்டும் இல்லங்க. அந்தப் பொருள் எவ்வளவு நல்லா வெப்பத்தை வெளிய விடுதுங்கற எமிசிவிட்டி, நடுவுல இருக்கற காத்தும் அதுல இருக்கற ஈரமும், படம் எடுத்த நேரம், எல்லாம் கலந்து ஒரே எண்ணா வந்து நிக்கும். இதுல எது கெட்டுப்போச்சுன்னு வயலைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏன்னா வயல்ல நாலுமே மாறும். தண்ணியில அப்படி இல்ல, எமிசிவிட்டி எல்லா தெர்மல் பேண்ட்லயும் (கேமரா தனித்தனியா அளக்கற ஒவ்வொரு அலைநீளப் பகுதியும் ஒரு பேண்ட்) 0.99ஐ ஒட்டியே இருக்கும், ஒரு மணி நேரத்துல பெருசா சூடு ஏறாது, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்ல பெரிய வித்தியாசமும் வராது. நாசாவோட ஜேபிஎல் ஆய்வுக்கூடத்து ஆளுங்களே சென்சாரைச் சரிபார்க்க 1999லேர்ந்து லேக் டாஹோவுலயும் 2008லேர்ந்து சால்ட்டன் ஸீலயும் கருவி வச்சு தண்ணியோட மேல்தோல் வெப்பநிலையை அளந்துக்கிட்டே இருக்காங்க.

அதனால உங்க படத்துல ஒரு ஏரியோ அணையோ தேடிப் பிடிங்க, கரையிலேர்ந்து குறைஞ்சது மூணு பிக்சல் உள்ள தள்ளி ஒரு கட்டம் போடுங்க, சராசரியையும் பரவலையும் எழுதி வச்சுக்கோங்க. சால்ட்டன் ஸீ கோடைல 30 டிகிரியைத் தாண்டும், உங்களுக்கு 24 வருதுன்னா மேகமோ காத்து ஈரமோ காரணம், மைனஸ்ல வருதுன்னா கணக்குல தப்பு, தண்ணி சரியா இருந்து மணல் மட்டும் இடிக்குதுன்னா அது எமிசிவிட்டி. இந்த ஒரு படி பாதித் தேடலைக் குறைச்சிடும்.

"எல்லா எண்ணும் 40,000ன்னு வருது" அல்லது "மைனஸ் 124 டிகிரி காட்டுது"

இது ஸ்கேல் ஃபேக்டர் பிரச்சனை, பயப்பட ஒண்ணுமே இல்ல. ஃபைல் சின்னதா இருக்கணும்னு வெப்பநிலையை முழு எண்ணா மாத்தி வச்சிருப்பாங்க, திரும்ப மாத்திக்கறது நம்ம வேலை. லேண்ட்சாட்ங்கறது அமெரிக்க சாட்டிலைட் வரிசை, அதுல காத்தோட தாக்கத்தைத் திருத்திக் கொடுக்கற டேட்டாதான் லெவல் 2. லேண்ட்சாட் கலெக்‌ஷன் 2 லெவல் 2ல சர்ஃபேஸ் டெம்பரேச்சர் பேண்டை 0.00341802ஆல பெருக்கி 149ஐக் கூட்டணும், வர்றது கெல்வின். 44,000ன்னு ஒரு பிக்சல் இருந்தா 150.4 கூட்டல் 149, அதாவது 299.4 கெல்வின், 273.15ஐக் கழிச்சா 26.2 டிகிரி. அந்த 149ஐக் கூட்ட மறந்துட்டா அதே பிக்சல் மைனஸ் 123னு வரும்.

படத்தோட ஓரத்துல மட்டும் சரியா மைனஸ் 124.15 வருதுன்னா அது இன்னும் சின்ன விஷயம். அங்க டேட்டாவே இல்ல, மதிப்பு பூஜ்யம், பூஜ்யத்தைப் பெருக்கி 149 கூட்டினதால வந்த எண் அது. கணக்குப் போடறதுக்கு முன்னாடியே பூஜ்யத்தை எல்லாம் காலின்னு குறிச்சுடுங்க, இல்லைன்னா சராசரி எடுக்கும்போது மொத்தத்தையும் கீழ இழுத்துட்டுப் போயிடும், படத்துல பார்த்தா கண்ணுக்கும் தெரியாது. மோடிஸ்ங்கற நாசா கருவியோட வெப்பநிலை ஃபைலான எம்ஓடி11ல பெருக்கற எண் 0.02, கூட்டறதுக்கு எதுவும் இல்ல, 15,000ன்னா 300 கெல்வின், அங்கயும் பூஜ்யம்னா டேட்டா இல்லைன்னு அர்த்தம். லேண்ட்சாட் எண்ணுக்கு மோடிஸ் ஃபேக்டரைப் போட்டு 880 கெல்வின் வந்து திகைச்சுப் போனவங்களைப் பார்த்திருக்கேன். விண்வெளி நிலையத்துல மாட்டியிருக்கற எக்கோஸ்ட்ரெஸ் கருவியிலயும் எந்த கலெக்‌ஷன், பறந்த பாதையில எடுத்த மாதிரியே வர்ற ஸ்வாத் ஃபைலா, மேப் கட்டமா வெட்டி வர்ற டைல் ஃபைலாங்கறதைப் பொறுத்து வடிவம் மாறும், அதனால ஃபைலோட விவரக் குறிப்பான மெட்டாடேட்டாவைத் திறந்து ஸ்கேல் (பெருக்கற எண்), ஆஃப்செட் (கூட்டற எண்) ரெண்டையும் ஒருதடவை கண்ணால பார்த்துட்டு ஆரம்பிங்க.

"எண் நம்பற மாதிரி இருக்கு, ஆனா தரையில அளந்ததைவிட சில டிகிரி கம்மியா வருது"

நீங்க காத்தோட தாக்கத்தைத் திருத்தாத லெவல் 1 டேட்டாவை எடுத்து பிரைட்னஸ் டெம்பரேச்சரோட நின்னுட்டீங்கன்னு அர்த்தம். லேண்ட்சாட் 8 பேண்ட் 10ல 30,000ன்னு ஒரு பிக்சல் இருக்குன்னு வைங்க, 0.0003342ஆல பெருக்கி 0.1 கூட்டினா ரேடியன்ஸ், அதாவது வந்து சேர்ற கதிரோட அளவு, 10.13, அதை அந்த பேண்டுக்குன்னே கொடுத்திருக்கற மாறிலி கே1 774.8853, கே2 1321.0789 போட்டு மாத்தினா 303.65 கெல்வின், 30.5 டிகிரி. கணக்கு சரிதான், ஆனா இது சாட்டிலைட் இருக்கற உயரத்துலேர்ந்து பார்த்த சூடு, நடுவுல இருக்கற நீராவி ஒரு பங்கை முழுங்கிட்டு தன்னோட குளிர்ச்சியான கதிரை அனுப்பியிருக்கும். காத்து வறண்ட நாள்ல ஒண்ணு ரெண்டு டிகிரிதான் வித்தியாசம் வரும், ஜூலை ஆகஸ்ட்ல மான்சூன் ஈரம் அந்தப் பாலைவனத்துக்குள்ள வர்ற நாள்ல அது பல மடங்கு ஏறிடும். கூடவே இன்னொண்ணும் பாருங்க, லேண்ட்சாட் 9க்கு கே1 கே2 வேற, 799.0284ம் 1329.2405ம், பழைய ஸ்கிரிப்ட்ல 8ஓட எண்ணை அப்படியே விட்டு வச்சிருப்பாங்க.

சரி பண்ண சுலபமான வழி லெவல் 2வையே எடுக்கறதுதான். நானே திருத்தம் போடுவேன்னா செய்யலாம், ஆனா லேண்ட்சாட் 8ல பேண்ட் 10, 11 ரெண்டையும் சேர்த்து ஸ்ப்ளிட் விண்டோ (ரெண்டு பேண்டோட வித்தியாசத்தை வச்சு காத்து ஈரத்தைத் திருத்தற முறை) போடாதீங்க. 2013ல மேல போன கொஞ்ச நாள்லயே பார்வைக்கு வெளிய இருக்கற இடத்துலேர்ந்து வெளிச்சம் கசிஞ்சு உள்ள வருதுன்னு தெரிஞ்சுது, பேண்ட் 11ல அது இன்னும் மோசம். 2017ல அதுக்கு ஒரு திருத்தம் சேர்த்தாங்க, நிலைமை நல்லா முன்னேறிச்சு, ஆனாலும் பேண்ட் 11ஐ நம்பி நுணுக்கமான வேலை எதையும் நான் செய்யறதில்ல. 2021ல போன லேண்ட்சாட் 9ல தடுப்பு வச்சு அதை வடிவமைப்புலயே அடைச்சுட்டாங்க.

"வயலும் கால்வாயும் இடம் மாறி உக்காந்திருக்கு"

எக்கோஸ்ட்ரெஸ்ஸா இருந்தா முதல் சந்தேகம் ஜியோலொக்கேஷன், அதாவது ஒவ்வொரு பிக்சலும் தரையில எந்த இடம்னு குறிக்கறது. அது தனி சாட்டிலைட் இல்ல, 2018 ஜூன் 29ஆம் தேதி கிளம்பி விண்வெளி நிலையத்தோட ஜப்பான் பகுதியில வெளியில மாட்டின கருவி. அந்த நிலையமோ கப்பல் வந்து சேரறது, சோலார் தகடு திரும்பறது, ஆளுங்க நடமாட்டம்னு எப்பவும் கொஞ்சம் அசைஞ்சுக்கிட்டே இருக்கற வீடு, 400 கிலோமீட்டர் மேலேர்ந்து ஒரு துளி கோணம் பிசகினாலே தரையில நூத்துக்கணக்கான மீட்டர் தள்ளிப் போயிடும். இதைச் சரிக்கட்ட மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் லேண்ட்சாட் அடிப்படைப் படத்தோட ஒப்பிட்டு நகர்த்தி வைக்கும், ஆனா மேகம் மூடியிருந்தா, கடல் மேல இருந்தா, ராத்திரி அடையாளம் சரியா தெரியலைன்னா ஒப்பிடவே முடியாது, அப்ப கிடைச்ச இடத்தையே எழுதி அனுப்பிடும். மெட்டாடேட்டாவுல ஆர்பிட் கரெக்‌ஷன் நடந்துச்சா இல்லையான்னு ஒரு வரி இருக்கும், அதை முதல்ல பாருங்க, நடக்கலைன்னா அந்தப் படத்தை வயல் அளவு வேலைக்கு எடுக்கவே வேணாம்.

நடந்துச்சுன்னு போட்டிருந்தாலும் கண்ணால ஒரு சோதனை பண்ணுங்க. ராத்திரிப் படத்துல தண்ணி சூடா தெரியும், பகல்ல குளிர்ச்சியா தெரியும், ரெண்டுலயும் கரை கத்தி வெட்டின மாதிரி விழும், அந்தக் கரையை அடிப்படை மேப்போட வச்சுப் பாருங்க. சால்ட்டன் ஸீல இதுக்குள்ள ஒரு பொறி இருக்கு. அந்த ஏரி வருஷா வருஷம் வத்திக்கிட்டே வருது, பத்து வருஷத்துக்கு முந்தின கரைக்கோட்டை வச்சு ஒப்பிட்டா சரியா இருக்கற படத்தையே தப்புன்னு சொல்லிடுவீங்க. அதே மாசத்து லேண்ட்சாட் படத்துலேர்ந்து கரையை நீங்களே வரைஞ்சுக்கோங்க, பத்து நிமிஷ வேலைதான்.

படம் முழுக்க சாய்ஞ்சு, தலைகீழா, நசுங்கின மாதிரி இருந்துச்சுன்னா அது வேற கதை. ஸ்வாத் ஃபைலை அதுக்கான ஜியோ ஃபைல் இல்லாம வெறும் கட்டமா திறந்திருக்கீங்க. ஜியோ ஃபைலையும் இறக்கி ரெண்டையும் சேருங்க, இல்ல டைலா கிடைக்கற கலெக்‌ஷன் 2க்கு மாறிடுங்க.

"பேண்ட் 1, 3 காலியா இருக்கு" / "கோடு கோடா விழுது"

எக்கோஸ்ட்ரெஸ்ல 2019 மே 15லேர்ந்து 2023 ஏப்ரல் 28 வரைக்கும் அஞ்சு தெர்மல் பேண்ட்ல மூணுதான் கீழ வந்துச்சு, 2, 4, 5. உள்ள இருந்த சேமிப்புக் கருவி பழுதாகி, டேட்டாவை நேரடியா அனுப்பற முறைக்கு மாறினபோது எடுத்த முடிவு அது. அதனால அந்த நாலு வருஷத்துல பேண்ட் 1, 3 காலியா இருந்தா திரும்பத் திரும்ப டவுன்லோட் பண்ணி நேரத்தைப் போக்காதீங்க. வெப்பநிலை அந்தக் காலத்துக்கும் கிடைக்கும், எமிசிவிட்டியை மட்டும் மூணு பேண்ட் வச்சுக் கணக்கிட்டிருக்காங்கன்னு ஞாபகத்துல வச்சு, 2019க்கு முந்தினதையும் பிந்தினதையும் அப்படியே ஒட்டி ஒரே வரிசையா ஆக்காம இருங்க. வரிவரியா விழற கோடு டிடெக்டர்ல சில வரிசை வேலை செய்யாததால வர்றது, பக்கத்து வரியை வச்சு நிரப்பியிருப்பாங்க, குவாலிட்டி லேயர்ல தெரியும். லேண்ட்சாட் 7ல ஆப்பு மாதிரி கறுப்புப் பட்டை இருந்தா 2003 மே 31ல ஸ்கேன் சரிசெய்யற கருவி கெட்டதோட விளைவு, அதுக்கு முந்தின படத்துல அது இருக்காது.

"வெயில் நாள், ஆனா நடுவுல ஒரு திட்டு மட்டும் சில்லுன்னு இருக்கு"

மேகம். பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத மெல்லிசான சிர்ரஸ் மேகமா இருக்கும். எக்கோஸ்ட்ரெஸ்ல சாதாரண வண்ணப் படத்துக்கான பேண்டே கிடையாது, மேகத்தைப் பெரும்பாலும் சூட்டை வச்சுத்தான் கண்டுபிடிக்குது, அதனால கடலோரத்துல தாழ்வா படர்ற மூடுபனி தரையோட சூட்டுலயே இருக்கும்போது நழுவி உள்ள வந்துடும். கலெக்‌ஷன் 2ல மேகத்துக்குத் தனி லேயர் இருக்கு, வெப்பநிலைப் படத்துல மேகம் மேலயும் ஒரு எண் எழுதியிருக்கும், மேகப் பிக்சலை மறைச்சு விலக்கற மாஸ்க்கை நீங்கதான் போடணும். லேண்ட்சாட்லயும் அதே கதைதான், லேண்ட்சாட் 8, 9ல தரத்தைக் குறிக்கற க்யூஏ பிக்சல் பேண்ட்ல 21824ன்னா தெளிவான நிலம், 21952ன்னா தெளிவான தண்ணி, மத்ததை எல்லாம் சந்தேகப்படுங்க. அதுலயே மேகம் எவ்வளவு தூரத்துல இருக்குங்கற ஒரு பேண்டும், வெப்பநிலை எத்தனை கெல்வின் வரை தவறலாம்ங்கற ஒரு பேண்டும் வரும், நிறைய பேர் திறந்துகூடப் பார்க்கறதில்ல, எனக்கு அது ரெண்டும்தான் உயிர்நாடி. மாஸ்க்கோட ஓரத்தை இன்னும் ஒரு சில பிக்சல் விரிச்சுப் போடுங்க. மேகத்தோட நிழல் அஞ்சு நிமிஷம் முன்னாடி கடந்துபோன வயல்கூட இன்னும் குளிர்ச்சியாத்தான் இருக்கும், அது எந்த மாஸ்க்லயும் சிக்காது.

"மணல், தகரக் கூரை, சோலார் தகடு எல்லாம் ஏடாகூடமா காட்டுது"

தண்ணி சரியா வந்துச்சா? அப்ப இது எமிசிவிட்டி. செடி 0.98ஐ ஒட்டி இருக்கும், அதுல பெரிசா தப்பு வராது. அல்கொடோனஸ் மாதிரி குவார்ட்ஸ் மணல் 11, 12 மைக்ரான் அலைநீளத்துல 0.95ஐத் தாண்டினாலும் 8லேர்ந்து 9.5 மைக்ரானுக்குள்ள ரொம்பவே இறங்கிடும், அந்த இறக்கத்தை வச்சேதான் மணல்னு அடையாளமே சொல்றாங்க. 11 மைக்ரான்ல எமிசிவிட்டியை 0.01 தப்பா வச்சா அரை டிகிரிக்கு மேல தவறும், 0.04னா ரெண்டு மூணு டிகிரி போயிடும். மோடிஸ் எம்ஓடி11 நிலவகையைப் பார்த்து ஒரு எமிசிவிட்டியை ஒதுக்கிடுது, வெறும் மணலுக்கு அது கூடுதலா இருக்கறதால வெப்பநிலை குறைச்சலா வரும், மோடிஸோட இன்னொரு வெப்பநிலை ஃபைலான எம்ஓடி21 எமிசிவிட்டியை அளந்தே பிரிக்கறதால பாலைவனத்துக்கு அதுதான் தேவலை. ரெண்டுக்கும் நடுவுல சில டிகிரி வித்தியாசம் வந்தா அது உங்க ஸ்கிரிப்டோட பிழை இல்ல.

பளபளன்னு இருக்கற தகரக் கூரை மதிய வெயில்ல தொட்டா கை வெந்துடும், படத்துல பார்த்தா ஏரியைவிடக் குளிர்ச்சியா தெரியும். அது தன்னோட சூட்டை ரொம்பக் கொஞ்சமாத்தான் வெளிய விடும், மீதிக்கு மேல இருக்கற குளிர்ந்த வானத்தைக் கண்ணாடி மாதிரி காட்டும். அதைத் திருத்த முயற்சி பண்ணாதீங்க, வெட்டி எடுத்துடுங்க.

லேண்ட்சாட் வெப்பநிலைப் படத்துல மேகமே இல்லாத இடத்துல ஓட்டை ஓட்டையா காலி விழுந்தா, அதுவும் எமிசிவிட்டியிலேர்ந்துதான் வருது. 2000லேர்ந்து 2008 வரைக்கும் ஆஸ்டர்ங்கற சாட்டிலைட் கருவி எடுத்த தெளிவான படங்களைச் சேர்த்து உண்டாக்கின எமிசிவிட்டி வரைபடத்தைத்தான் அது பயன்படுத்துது, அதுல எங்க டேட்டா இல்லையோ அங்க வெப்பநிலையும் வராது. இம்பீரியல் வேலில அந்த வருஷங்கள்ல பயிர் இருந்த நிலம் பல இடத்துல இப்ப சோலார் பார்க் ஆயிடுச்சு, பயிர் அளவைப் பார்த்துத் திருத்தம் பண்ணினாலும் கண்ணாடித் தகட்டை அது வெறும் மண்ணுன்னு நினைச்சுத்தான் கணக்குப் போடும், அந்த எண்ணை எங்கயும் மேற்கோள் காட்டாதீங்க.

"போன வாரம் நல்லா இருந்த வயல் இன்னிக்கு நாலு டிகிரி சூடு, பயிர் வாடுதா?"

இதுலதான் அதிகமா ஆளுங்க தடுக்கி விழறாங்க, நானும் விழுந்திருக்கேன். ஒரு ஜூலை மாசம் ரெண்டு எக்கோஸ்ட்ரெஸ் படத்தை வச்சு, இந்த வயலுக்குத் தண்ணி பத்தலைன்னு சிவப்புல வரைபடம் போட்டு ஒரு பாசன ஆலோசகருக்கு அனுப்பினேன், அவர் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டுப் போய்ப் பார்த்தா முதல் நாள்தான் தண்ணி பாய்ச்சியிருக்காங்க, மண்ணு கால்ல ஒட்டுது. முதல் படம் காலை 10 மணி, ரெண்டாவது மதியம் 2 மணி. ஃபைல் பேர்லயே நேரம் இருந்துச்சு, நான் தேதியை மட்டும் படிச்சிருக்கேன். ஒருத்தரோட ஒரு நாளை வீணாக்கினது இன்னும் எனக்கு உறுத்துது, அதனாலதான் இந்தப் பகுதியை நீளமாவே எழுதறேன்.

லேண்ட்சாட் எப்பவும் காலை பத்து பத்தரையை ஒட்டித்தான் வரும். விண்வெளி நிலையத்தோட பாதை அப்படி இல்ல, ஒவ்வொரு நாளும் சுமார் 24 நிமிஷம் முன்னாடி வந்துக்கிட்டே இருக்கும், ரெண்டு மாசத்துல ஒரு முழு சுத்து முடிஞ்சிடும். ஒரு நாள் முழுக்க செடி எப்படி நடந்துக்குதுன்னு பார்க்க அது பெரிய வரம், காலைல இலைத்துளையைத் திறந்து மதியம் மூடிக்கற செடியைக் கண்டுபிடிக்கறதே இப்படித்தான், ஆனா ரெண்டு படத்தை வெறும் வெப்பநிலையா பக்கத்துல வச்சா ஏமாத்திடும்.

ஃபைல் பேர்ல இருக்கறது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். இம்பீரியல் வேலில கோடைல அதுலேர்ந்து 7 மணி நேரம் கழிக்கணும், 21:00ன்னா மதியம் 2 மணி, 16ஆம் தேதி 03:00ன்னா அங்க 15ஆம் தேதி ராத்திரி 8, தேதியே மாறிடும். அதோட விடாதீங்க, அங்க கோடைல சூரியன் உச்சிக்கு வர்றது கடிகாரத்துல 12 அடிச்சு முக்கால் மணி நேரம் கழிச்சுத்தான். மோடிஸ் ஃபைல்ல இருக்கற நேரம் சூரிய நேரம், எக்கோஸ்ட்ரெஸ் யூடிசி, அதைக் கடிகார நேரமா மட்டும் மாத்திட்டு ஒப்பிட்டா ஒரு மணி நேரம் வரைக்கும் பிசகும்.

நேரம் வேற வேறயா இருந்தா வயலோட வெப்பநிலையிலேர்ந்து அந்த நேரத்துக் காத்து வெப்பநிலையைக் கழிங்க, பக்கத்து வானிலை நிலையத்துல மணிக்கு மணி கிடைக்கும். உதாரணமா காலை 10 மணிக்குக் காத்து 36, பயிர் 32, வித்தியாசம் மைனஸ் 4. மதியம் 2 மணிக்குக் காத்து 42, பயிர் 36, வித்தியாசம் மைனஸ் 6. பயிர் நாலு டிகிரி சூடாச்சு, ஆனா காத்தோட ஒப்பிட்டா இன்னும் அதிகமாவே குளிர்ச்சியா இருக்கு, நல்லா நீர் குடிச்சு நல்லா வேர்க்குதுன்னு அர்த்தம். 1981ல இட்ஸோ, ஜாக்சன்ங்கற விஞ்ஞானிங்க அரிசோனாவுல ஃபீனிக்ஸ்ல உக்காந்து உருவாக்கின பயிர் நீர் அழுத்தக் குறியீட்டோட அடிப்படை இதுதான், கூட காத்தோட வறட்சியையும் சேர்த்துக்கணும், ஏன்னா காத்து எவ்வளவு வறண்டிருக்கோ அவ்வளவு நல்லா ஆரோக்கியமான பயிர் தன்னைக் குளிர்விச்சுக்கும். கழிச்சு வர்றது பூஜ்யத்தை ஒட்டி வந்து அதைத் தாண்டி மேல போச்சுன்னா அப்ப நிஜமாவே கவலைப்படுங்க.

பல வருஷப் போக்கைப் பார்க்கறவங்களுக்கு ஒண்ணு: 2020க்கு அப்புறம், மோடிஸ் கருவி இருக்கற டெர்ரா சாட்டிலைட்டைப் பாதையில தள்ளி வைக்கறதை நிறுத்திட்டாங்க, பத்தரை மணிக்கு வர்றது மெல்ல மெல்ல முன்னாடி நகர்ந்துக்கிட்டிருக்கு. பகல்ல காலைச் சூடு வேகமா ஏறற நேரம் அது, அதனால நிலம் குளிர்ந்து வர்ற மாதிரி ஒரு பொய்ப் போக்கு தெரியும்.

"நேரமும் சரி, காத்தையும் கழிச்சாச்சு, இன்னும் ஒரே வயல் மட்டும் கொதிக்குது"

அறுத்திருப்பாங்க. குதிரை மசாலை வருஷத்துக்குப் பல தடவை அறுப்பாங்க, அறுப்புக்கு முன்னாடி மண்ணு காயணும்னு தண்ணியையும் நிறுத்திடுவாங்க, அறுத்த மறுநாள் வெறும் மண்ணு வெயில்ல கிடக்கும், தெர்மல் படத்துல அது செத்த பயிர் மாதிரியே இருக்கும். அதே வாரத்து சென்டினல் 2 (ஐரோப்பிய சாட்டிலைட்) படமோ லேண்ட்சாட்டோ எடுத்து, பச்சை எவ்வளவு இருக்குன்னு சொல்ற என்டிவிஐ குறியீட்டைப் பாருங்க. என்டிவிஐ சடார்னு விழுந்திருந்தா அறுப்பு, அது அப்படியே உசரத்துல நிக்க சூடு மட்டும் ஏறியிருந்தா அதுதான் நீங்க தேடற தாகம். தெர்மலை மட்டும் வச்சு பயிரைப் பத்தி எதுவும் சொல்லக்கூடாதுங்கறது என்னோட உறுதியான கருத்து.

"சின்ன வயல், ஓரமெல்லாம் சூடா இருக்கு"

வயல் ஓரத்துல ஒண்ணும் ஆகல, பிக்சல் பெருசு. லேண்ட்சாட் 8, 9ல தெர்மல் பிக்சல் நிஜத்துல 100 மீட்டர், கையில கொடுக்கறது 30 மீட்டரா வெட்டினது. 40 ஏக்கர் வயல் ஒரு பக்கம் 400 மீட்டர், படத்துல பார்த்தா பதிமூணுக்குப் பதிமூணு பிக்சல் இருக்கற மாதிரி தோணும், உண்மையில நாலுக்கு நாலுதான், ஓரத்துல இருக்கறது எல்லாம் பக்கத்து மண்ரோட்டோட சூட்டைக் கலந்து வாங்கினது, ஓரத்தைக் கழிச்சா நடுவுல சுத்தமா நிக்கறது நாலே நாலு. வயல் எல்லையை 100 மீட்டர் உள்ள சுருக்கிட்டு அப்புறம் சராசரி எடுங்க, எக்கோஸ்ட்ரெஸ்னா 70 மீட்டர் போதும். சுருக்கினா ஒண்ணுமே மிஞ்சலைன்னா அந்த வயலுக்கு இந்த சாட்டிலைட் போதாது, ட்ரோனுக்குப் போங்க. இஸ்ரோவும் பிரான்ஸோட விண்வெளி நிறுவனமான சிஎன்இஎஸ்ஸும் சேர்ந்து செய்யற த்ரிஷ்ணா சாட்டிலைட்டுல பிக்சல் 57 மீட்டர், அது நம்ம ஊர்ச் சின்ன வயலுக்குக்கூட ஓரளவுதான் உதவும், ஆனா கால்வாய்ப் பாசனப் பகுதிக்கு மொத்தமா பார்க்க நான் ரொம்ப ஆவலா காத்துக்கிட்டிருக்கேன்.

"ப்ளேன், ட்ரோன் படத்துல தையல் தெரியுது, நடு சூடு ஓரம் குளிர்ச்சி"

ப்ளேன்ல பறந்து எடுத்ததுல ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவுல வெப்பநிலை படிபோல ஏறினா, பெரும்பாலும் கேமரா சரியா இருக்கும், நிலம்தான் சூடாகிட்டே போயிருக்கும். ஜேபிஎல்லோட ஹைடெஸ் மாதிரி 256 பேண்ட்ல பிரிச்சுப் பார்க்கற கருவியா இருந்தாலும் ரெண்டு மணி நேரம் பறந்தா முதல் வரியும் கடைசி வரியும் வேற வேற நேரம்தான். ஒவ்வொரு வரிக்கும் நேரத்தை எழுதி வச்சு, ஆரம்பத்துலயும் முடிவுலயும் ஒரே ஏரி மேல பறந்தா எது கருவியோட நகர்வு, எது நிலத்தோட சூடுன்னு பிரிச்சிடலாம்.

ட்ரோன்ல மாட்டற கேமராவுக்குக் குளிரூட்டி கிடையாது, அதோட சொந்த உடம்பு சூடே அளவைக் கெடுக்கும். எடுத்த உடனே பறக்க விடாதீங்க, தரையிலயே ஆன் பண்ணி கால் மணியிலேர்ந்து அரை மணி நேரம் விடுங்க. படம் திடீர்னு ஒரு டிகிரி தாவுதுன்னா கேமரா உள்ள ஷட்டரை மூடித் தன்னைச் சரிபண்ணிக்கிட்ட சமயம் அது, டக்குன்னு ஒரு சத்தம் கேட்கும், அதுக்கு முன்னாடி பின்னாடி படங்களைத் தனித்தனியா வச்சுத் திருத்துங்க. நடு சூடு ஓரம் குளிர்ச்சின்னா லென்ஸோட குறை, ஒரே சூட்டுல இருக்கற பலகையைப் படம் எடுத்து அந்த வடிவத்தைக் கழிச்சிடலாம். படம் ஒட்ட மாட்டேங்குதுன்னா தெர்மல்ல அடையாளம் கம்மி, 80 சதவீதத்துக்கு மேல ஓவர்லேப் வச்சுப் பறங்க.

கடைசியா, வயல் ஓரத்துல அகலமான ரெண்டு தொட்டி வைங்க, பக்கெட் போதாது, அதுக்கு நாலஞ்சு பிக்சலாவது விழணும். ஒண்ணுல ஐஸ் போட்ட தண்ணி, இன்னொண்ணுல வெயில்ல வச்ச தண்ணி. ட்ரோன் மேல வர்றதுக்கு முன்னாடி ரெண்டையும் நல்லா கலக்கி விடுங்க, கலக்கலைன்னா மேல்தோல் ஆவியாகி உள்ள இருக்கறதைவிடக் குளிர்ந்துடும், தெர்மாமீட்டரை மேல்மட்டத்துலயே பிடிச்சு நேரத்தோட எழுதுங்க. கேமரா காட்டினதையும் நீங்க எழுதினதையும் ஒரு கோட்டுல போட்டா அன்னிக்கு அந்தக் கேமரா எத்தனை டிகிரி தப்பா இருந்துச்சுன்னு நேரா தெரிஞ்சிடும், அதை மொத்தப் படத்துலேர்ந்தும் கழிச்சிட்டு வயலைப் பார்க்க ஆரம்பிங்க.